மூன்றாவது பாட்டில்

காலை பதினொரு மணி இருக்கும். மும்பை தாராவியில் மித்தி ஆற்றை நோக்கி ஓடும் ஒரு நாலா, அதாவது திறந்த கழிவுநீர்க் கால்வாய். சாயப் பட்டறையின் கழிவுக் குழாய்க்குக் கீழே கள அலுவலர் ஒருவர் குந்தி உட்கார்ந்து வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலை அலம்பிக்கொண்டிருந்தார். எந்தத் தண்ணீரை எடுக்கப்போகிறோமோ அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலம்ப வேண்டும் என்பது முறை. அலம்பினார், நிரப்பினார், மூடினார். பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு பாட்டிலையும் நிரப்பினார். இரண்டிலும் சீட்டு ஒட்டி, மூடியைச் சுற்றித் துணி கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டில்கள் ஐஸ் பெட்டிக்குள் போயின.

நான் அப்போது சர்க்கார் தரப்பு வக்கீல்கள் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வக்கீல்கள் வழக்கமாக நாலா ஓரத்துக்குப் போவதில்லை. மாதிரி எடுப்பதைக் கண்ணால் பார்த்தவனால்தான் குறுக்கு விசாரணையில் சாட்சியைத் தாங்கிப் பிடிக்க முடியும் என்று சீனியர் சொன்னதால் போனேன். மாதிரி எடுத்த விவரத்தைச் சாட்சிகளோடு பதியும் பஞ்சநாமாவை எழுதி முடிக்கும்வரை எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நான் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். பேச்சில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வாடை.

"தம்பி, ஒண்ணு சர்க்காருக்கு, ஒண்ணு சேட்டுக்கு. எங்களுக்கு ஒண்ணு கெடையாதா?"

ஏதோ கொடுக்கிறார்கள், நம் வீட்டை விட்டுவிட்டார்களே என்ற ஆதங்கத்தில்தான் அவர் கேட்டார். பக்கத்தில் நின்ற அலுவலர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது சட்டத்தின் மையத்தைத் தொடுகிற கேள்வி என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதற்குப் பதில் தேடுவதிலேயே என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிற்று.

1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்தில் 21ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மாசு வழக்கு பிழைப்பதும் சாவதும் அங்கேதான். மாதிரி எடுப்பவர் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் விரும்பினால் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முத்திரை, ஒவ்வொன்றிலும் இரு தரப்புக் கையெழுத்து. ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும். ஆலைக்காரர் கேட்டால் மற்றது சட்டம் குறித்திருக்கும் வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆய்வறிக்கை வெறும் காகிதம். 1986இல் டெல்லி பாட்டிலிங் கம்பெனி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: முறைப்படி கையாளாத மாதிரியின் அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க முடியாது. அந்தத் தீர்ப்பை எனக்கு முந்திய தலைமுறையின் ஆலை வக்கீல்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அதில் தவறென்று நான் நினைக்கவில்லை. ஒருவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சாட்சியம் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நாலா ஓரத்தில் குடியிருப்பவர் தன் வீட்டுச் சொம்பில் அதே தண்ணீரை மொண்டு கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் 21ஆம் பிரிவு அதைத் திரும்பிப் பார்க்காது. அந்த நாற்றத்தோடு வாழ்கிறவருக்கு அந்தப் பிரிவில் இடம் இல்லை.

*

என் தாத்தா தாராவிக்கு வந்தது தோல் ஷாப்பு வேலைக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு முஸ்லிம் தோல் வியாபாரிகள் இங்கே வந்து பதனிடும் குழிகளை வெட்டினார்கள். குழிகளில் இறங்கி வேலை செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் வந்தன. 1887இல் பெரிய மசூதி, 1913இல் கணபதி கோயில் என்று ஊர் வேரூன்றியது. நாற்றமடிக்கும் தொழில்களைத் தன் எல்லைக்கு வெளியே தள்ளுவது அன்றைய பம்பாயின் பழக்கம். தாராவி அப்போது எல்லைக்கு வெளியே கிடந்த சதுப்பு. நகரம் வளர்ந்து வந்து தாராவியைத் தன் நடுவயிற்றில் வைத்துக்கொண்டது. பிறகு, இந்த நாற்றம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டது.

தாத்தாவின் கால்விரல்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று நகங்கள் தேய்ந்து, தோல் வெளுத்து, வெடித்து. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரின் வாசம் அவர் வேட்டியை விட்டுப் போகவே இல்லை. பாந்த்ராவிலிருந்த ஆட்டுத்தொட்டி 1970களின் தொடக்கத்தில் தேவ்னாருக்குப் போனது. பின்னால் பதனிடும் குழிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று தாராவியில் பையும் பெல்ட்டும் தைக்கிறார்கள். தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் பதமாகி வருகிறது.

அப்படியானால் அழுக்கு எங்கே போயிற்று? பாலாற்றங்கரைக்குப் போனது என்று சொன்னால் அது முழுக் கணக்கு ஆகாது. அங்கேயும் நெடுங்காலமாகத் தொழில் நடந்து வந்தது. ஆனால் பட்டையை விட்டுக் குரோமிய உப்புக்கு மாறியபோது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணறுகளின் கதை மாறிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும், தீங்கு செய்தவனே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று முதன்முதலாகத் தெளிவாகச் சொன்னது அந்தத் தீர்ப்புதான். எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். வக்கீலாகத் தொழில் செய்து, பஞ்சாப் அரசின் அட்வகேட் ஜெனரலாகவும் மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாகவும் இருந்து, வக்கீல் கவுனிலிருந்து நேராக உச்ச நீதிமன்ற நாற்காலிக்குப் போனவர். அரசு எங்கெல்லாம் தூங்கும் என்பது உள்ளேயிருந்து பார்த்தவருக்குத் தெரியாதா? மனுதாரருக்காக உழைத்த வக்கீல் எம்.சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் தரும்படி தமிழ்நாடு அரசுக்கு அவர் உத்தரவிட்டார்.

அந்த வழக்கு அன்றோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் தோல் ஆலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று சொன்னது. 28 ஆண்டுகளுக்கு மேல். தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்குக் குழந்தை பிறந்திருக்கும். நீதிபதிகள் என்ன சொன்னாலும், அன்றாடம் போய் மீட்டரைப் பார்க்கவும் குழாயைப் பார்க்கவும் அறிக்கை எழுதவும் ஆள் வேண்டும். அதற்குப் பெயர்தான் அமலாக்கம். புகழ் கிடைக்காத வேலை. நம் நாட்டில் சுற்றுச்சூழல் வக்கீல் என்றதும் பொதுநல மனு போடுகிறவர் முகம் நினைவுக்கு வருகிறது. வாரியத்தின் தரப்பில் வாய்தாவுக்கு வாய்தா நிற்கிறவர் முகம் யாருக்கும் தெரியாது. நதியின் கதி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

*

சர்க்கார் தரப்பில் நின்ற வருஷங்களில் நான் கற்றது ஒன்று உண்டு. தண்ணீர்ச் சட்டத்தில் 1988இல் 33அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு பிறந்த பிரிவு அது. கோர்ட்டுக்குப் போகாமலே ஆலையை மூடச் சொல்லலாம், கரண்ட்டையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். பெரிய ஆலை என்றால் உத்தரவு கையில் கிடைத்த அன்றே நான்கு வக்கீல்கள் தடை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். தாராவியின் கார்கானாவில், அதாவது சின்னப் பட்டறையில், நடப்பது வேறு.

ஒரு முறை அப்படி மூடிய பட்டறைக்கு மறுநாள் போயிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். கீழே நான்கு சாயத் தொட்டிகள். செங்குத்தான இரும்பு ஏணி. மேலே குடித்தனம்: ஒரு அடுப்பு, ஒரு டி.வி., சுவரில் மாரியம்மன் படம் போட்ட காலண்டர், பாயில் ஒரு கைக்குழந்தை. மின்வாரியம் கீழே ஒரு இணைப்பு, மேலே ஒரு இணைப்பு என்றெல்லாம் கொடுத்திருக்கவில்லை. ஒரே மீட்டர். பட்டறையின் கரண்ட்டை வெட்டியபோது குழந்தைக்கு மேலே ஓடிய மின்விசிறியும் நின்றுவிட்டது. மே மாதம். அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. ஏணியில் இறங்கி வந்து, "தம்பி, நீங்க நம்ம ஊர்க்காரப் பிள்ளைனு சொன்னாங்க. தொட்டியை மூடிட்டோம். ஃபேனை மட்டும் போடச் சொல்லுங்க" என்றார்.

அன்று அவர் நாலாவில் விட்டது சாயம்தான். அந்தச் சாயத் தண்ணீர் மித்தியில் கலந்து மாஹிம் முகத்துவாரத்துக்குப் போய்க் கோலிவாடா மீனவர்களின் வலையில் ஏறியதும் உண்மைதான். என் கட்சிக்காரரான சர்க்காரின் மீது குறை சொல்ல எனக்கு அன்று எதுவும் இல்லை. ஆனால் அதே நாலாவில் அவருடைய நான்கு தொட்டிகளைவிடப் பல மடங்கு கழிவு, சுத்திகரிக்காத நகரச் சாக்கடையாகவே ஓடிக்கொண்டிருந்தது. விகார் ஏரியின் கோடியில் புறப்பட்டு சுமார் 18 கிலோமீட்டர் ஓடி வரும் மித்தி, தாராவியைத் தொடும் முன்பே ஆறு என்ற பெயரை இழந்துவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊரே மூழ்கிய பிறகுதான் மும்பைக்குத் தன் ஆற்றின் பெயர் நினைவுக்கு வந்தது.

வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ் என்ற அமெரிக்க வக்கீலைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். இண்டியானா மாநிலத்தின் துணை அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, மாதிரி எடுக்கும் வண்டியில் தானே ஏறிப்போய்க் குழாய்களையும் செத்து மிதக்கும் மீன்களையும் பார்த்தவர். 1970 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பதவியேற்ற சில நாட்களில் யாருக்கு நோட்டீஸ் விட்டார் தெரியுமா? சாயப் பட்டறைகளுக்கு அல்ல. அட்லாண்டா, டெட்ராய்ட், கிளீவ்லாந்து என்ற மூன்று பெரிய நகராட்சிகளுக்கு: சாக்கடையைச் சரிசெய்ய 180 நாள் கெடு. பிறகு அவர் தனியார் தொழிலுக்குப் போனார், மரக் கம்பெனி ஒன்றின் துணைத் தலைவராக இருந்தார், 1983இல் மறுபடி அதே முகமைக்குத் தலைமையேற்க வந்தார். இரண்டு கரையிலும் நின்றவர் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த முதல் நோட்டீஸ் போதும். பெரிய குற்றவாளி யார் என்பதை முதலில் பார்த்தாரே, அதுதான் அமலாக்கத்தின் நேர்மை.

*

நானும் கரை மாறினேன். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, சர்க்கார் தரப்பில் ஒரு ஆஜருக்குக் கிடைத்த தொகை. காரணத்தை மறைக்க எதுவும் இல்லை. ஃபோர்ட்டில் ஒரு சின்ன அறை. வாசலில் என் பெயருக்குக் கீழே 'சுற்றுச்சூழல் சட்டம்' என்று எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஆலைக்காரர்கள், கட்டடக்காரர்கள்.

தனித் தொழிலில் நடக்கும் வேலை பெரும்பாலும் கோர்ட்டில் நடப்பதில்லை. அது மேஜையில் நடக்கிறது. ஆலையைத் தொடங்கும் முன் வாரியத்தின் கன்சென்ட் (இசைவு) ஒன்று, ஓட்டும்போது இன்னொன்று. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் கீழ் 20,000 சதுர மீட்டரைத் தொடும் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி. கடலோரம் என்றால் 1991இல் தொடங்கி, 2011, 2019 என்று இளகிக்கொண்டே வந்த கடலோர ஒழுங்குமுறை. இவற்றை முறையாகச் செய்து கொடுப்பது கண்ணியமான வேலை. நல்ல வக்கீல் ஒருவர் கட்டுகிறவரிடம், "இங்கே வேண்டாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் எந்தப் போராட்டமும் இல்லாமல் ஒரு சதுப்புநிலம் பிழைக்கும். அப்படிச் சில முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களும் உண்டு.

நெஞ்சில் முள்ளாக நிற்கும் நாள் வேறு. ரசாயன ஆலை ஒன்றின் தரப்பில் குறுக்கு விசாரணை. சாட்சிக் கூண்டில் ஒரு கள அலுவலர். பஞ்சநாமாவில் மாதிரி எடுத்த நேரம் 11.40. ஆலை வாயிற்பதிவேட்டில் அவர் வெளியேறிய நேரம் 11.30. பத்து நிமிஷ வித்தியாசம். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டேன். அவர் தடுமாறினார். முத்திரை எங்கே வைத்தீர்கள் என்று நான்காவது கேள்வி. வழக்கு விழுந்தது. கட்சிக்காரர் அன்று மாலையே அறைக்கு வந்து ஒரு பெட்டி பேடா கொடுத்துவிட்டுப் போனார். மாட்டுங்காவில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் அந்தப் பெட்டி கையில் கனத்தது. அந்த அலுவலர் பொய் சொல்லவில்லை. அவர் கைக்கடிகாரம் தப்பு, அவ்வளவுதான். குழாயிலிருந்து வந்தது விஷம் என்பது கூண்டில் நின்ற அவருக்கும் தெரியும், கேள்வி கேட்ட எனக்கும் தெரியும். சர்க்கார் தரப்பில் கற்ற வித்தையைத்தான் நான் அன்று விற்றேன்.

என் தொழிலில் இதை எல்லாரும் செய்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வேண்டும், அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு: அந்தக் கட்சிக்காரருக்கு மாதிரி எடுக்கும் முன்பே வக்கீல் இருந்தார். ஏணி வீட்டுக்காரருக்குக் கரண்ட் போன பிறகும் வக்கீல் இல்லை. பத்து நிமிஷ வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு யார் இருந்தார்கள்?

*

தாராவி மாதிரியான இடங்கள் சுற்றுச்சூழல் வழக்குகளில் குற்றவாளியாகத்தான் நுழைகின்றன. குப்பை மேலாண்மைக்காக அல்மித்ரா படேல் போட்ட அருமையான வழக்கில், 2000 பிப்ரவரியில், டெல்லிக் குடிசைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் எழுதிய வரி ஒன்று உண்டு: ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்று இடம் கொடுப்பது ஜேப்படிக்காரனுக்குப் பரிசு கொடுப்பதைப் போன்றது என்று. குப்பையை அள்ளுகிறவர்களும் பிரிக்கிறவர்களும் எந்தக் குடிசைகளில் இருந்தார்கள் என்று அந்த வரி கேட்கவில்லை. மும்பை எறியும் பிளாஸ்டிக்கைத் தாராவியின் தேரா கம்பவுண்டில் நிறம் பார்த்து, பல்லால் கடித்துத் தரம் பார்த்துப் பிரிக்கும் பெண்களை நினைத்தால் அந்த வரி எனக்கு இன்னும் வலிக்கிறது. 1997இல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைக் காக்கும் உத்தரவின் பேரில் பல்லாயிரம் குடிசைகள் போயின. காடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தான்சா குடிநீர்க் குழாயின் ஓரத்துக் குடிசைகளையும் இப்படித்தான் அகற்றினார்கள். குழாயின் பாதுகாப்புக்காக, கோர்ட்டு உத்தரவின் பேரில். அவர்களைக் கொண்டுபோய்ச் செம்பூரை அடுத்த மாஹுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலி ஓரத்தில் குடிவைத்தார்கள். அந்தப் பகுதிக் காற்று மக்கள் உடல்நலத்துக்குக் கேடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. வழக்கைக் கொண்டுபோனவர் அந்த ஊர்க் கோலி மீனவ சமூகத்தைச் சேர்ந்த சாருதத்த கோலி. அதே வழக்கில் 2020 ஆகஸ்டில் ஹெச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். உள்ளிட்ட நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 286 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. குடிவைக்கப்பட்டவர்கள் தனியே உயர் நீதிமன்றம் போய், 2019 செப்டம்பரில், வேறிடத்தில் தங்க மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்ற உத்தரவை வாங்கினார்கள். ஒரு சுற்றுச்சூழல் அக்கறை அவர்களைப் பெயர்த்தது, இன்னொரு சுற்றுச்சூழல் வழக்கு அவர்களை மீட்டது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் சுவாசித்த காற்றுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

சட்டத்தின் மீது எனக்கு நம்பிக்கை போகவில்லை. போகாததற்குக் காரணம் ரத்லம். மத்தியப் பிரதேசத்தின் ஒரு சின்ன ஊர். சாராய ஆலைக் கழிவும் திறந்த சாக்கடையும் ஓடும் ஒரு வார்டு. அங்கே குடியிருந்தவர்கள் பெரிய சட்டம் எதையும் தேடிப் போகவில்லை. பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள். பணமில்லை என்றது நகராட்சி. பணமில்லை என்று சொல்லி மக்களின் மானத்தையும் சுகாதாரத்தையும் தட்டிக் கழிக்க முடியாது என்று 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். சாக்கடை ஓரத்தில் இருந்தவர்கள் வாதிகள், நகராட்சி பிரதிவாதி. அந்தப் பிரிவு இன்று, பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில், 152 என்ற எண்ணில் அப்படியே இருக்கிறது. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டுக்கும் அது செல்லும்.

சதுப்புக்காடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பம்பாய் சுற்றுச்சூழல் செயல் குழுவின் வழக்கில் 2005இல் இடைக்கால உத்தரவும், 2018 செப்டம்பர் 17 அன்று நீதிபதி ஓகா அமர்வின் இறுதித் தீர்ப்பும் வந்தன. சதுப்புக்காட்டை அழிப்பது வாழும் உரிமையை மீறுவது, சுற்றிலும் 50 மீட்டர் விட வேண்டும் என்றது தீர்ப்பு. அந்த வழக்கை இத்தனை ஆண்டு சுமந்தவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். மாஹிம் முகத்துவாரத்தில் மிச்சமிருக்கும் அந்த மரங்கள் இல்லாவிட்டால் அடுத்த ஜூலை 26இல் முதலில் மூழ்குவது நாங்கள்தான். மரத்தைக் காப்பதும் தாராவியைக் காப்பதும் எனக்கு ஒரே வேலை. அதை ஒரே வேலையாகக் கோர்ட்டில் வாதாடுகிற வக்கீல்கள் போதவில்லை.

*

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2024இன் திருத்தம் தண்ணீர்ச் சட்டத்தின் பெரும்பாலான குற்றங்களிலிருந்து சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம்வரை தண்டத்தொகை என்று ஆக்கிவிட்டது. ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் தொடங்கி, ஏற்கும் மாநிலங்களுக்கு விரியும் சட்டம் அது. 15 லட்சம் என்பது பெரிய ஆலைக்கு ஒரு மாத டீசல் செலவாக இருக்கலாம், ஏணி வீட்டுக்கு அது முழு வாழ்க்கை. 2025 மே 16 அன்று வனசக்தி வழக்கில், கட்டி முடித்துவிட்டுப் பிறகு வாங்கும் சுற்றுச்சூழல் அனுமதி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. மாறுபட்டு எழுதிய நீதிபதி புயானின் பக்கம் நான் நிற்கிறேன். அனுமதி இல்லாமல் எழுப்பிய மாளிகைக்கு மன்னிப்பு உண்டு, குடிசைக்கு புல்டோசர்தான் என்றால் அதைச் சட்டம் என்று எந்த முகத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

தாராவி மறுசீரமைப்பு 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேள்வித்தொகைக்கு அதானி குழுமத்துக்குப் போனது. தாராவிக்குள் வீடு கிடைக்கத் தகுதியில்லாதவர்கள் என்று கணக்கிடப்படுகிறவர்களுக்காக ஒதுக்கிய இடங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் ஒன்று. 1927 முதல் இந்த நகரம் குப்பை கொட்டிய இடம். 2016 ஜனவரியில் அது எரிந்தபோது செம்பூரிலும் கோவண்டியிலும் பள்ளிகளை மூடினார்கள். அங்கே வீடு கட்டுவதற்கு முன் மண்ணையும் வாயுவையும் நிலத்தடி நீரையும் யார் சோதிப்பார்கள், அந்த அறிக்கை யார் கைக்கு வரும், எந்த மொழியில் வரும்? இதைக் கேட்க இப்போதே ஆள் வேண்டும். மாஹுலில் குடிபோன பிறகு கேட்டோம்.

தாராவியில் இன்று பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சர்க்கார் தரப்புக்கும் போங்கள். அரக்கு வைக்கும் இடத்தில், பஞ்சநாமா எழுதும் இடத்தில், ஒரே மீட்டரில் கீழே பட்டறையும் மேலே குழந்தையும் இருப்பதை அறிந்த ஒருவர் நின்றால், தொட்டி மூடப்படும், விசிறி நிற்காது. தனித் தொழிலுக்கு வந்தாலும் வாரம் ஒரு நாளை எங்கள் தெருவுக்கு வையுங்கள்.

தெருவில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதில் இது. தண்ணீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் நேரடியாகக் கோர்ட்டில் புகார் செய்யலாம். கேட்டால் வாரியம் தன் கையிலுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் மேற்கு மண்டல அமர்வு புனேயில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டுவரை காலம் உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவில் என்ன நிறம் ஓடியது, எத்தனை மணிக்கு, எந்தக் குழாயிலிருந்து, அன்று பிள்ளையை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். நேரத்தை மட்டும் சரியாகக் குறியுங்கள். பத்து நிமிஷ வித்தியாசத்தில் வழக்கு விழும்.